இருபத்து மூன்றாம் பலகை

அம்மாப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய மணமக்களின் தெர்மாகோல் பெயரில்
ஓர் எழுத்து உதிர்ந்து கிடக்கிறது மேடையில்.
கீழே நாற்பது மேசை.
ஒட்டியிருந்த தாளில் எதிராளியின் பெயரை
நான் சரியாகப் படிக்கவில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தவர்
உதவிப் பொறியாளர் திலோத்தமை.
வியாழக்கிழமை என் விடுப்புக் கடிதத்தில்
கையெழுத்துப் போட்டவர்.
காரணம்: கடும் காய்ச்சல்.
அவருக்கும் காய்ச்சலாம் என்று
ஆபீசில் யாரோ சொன்னது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

கை குலுக்கினோம். இரண்டு கையும் ஜில்லென்று.
ஆட்டத்தில் பேசக் கூடாது என்பது விதி.
நல்ல விதி.

ராஜாவுக்கு முன் நின்ற சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளினேன்.
சிசிலியன் வரும் என்று ஏழு ராத்திரி படித்திருந்தேன்.
அதே சிப்பாயைத்தான் அவரும் எடுத்தார்,
ஒரே ஒரு கட்டம் குறைவாக.
காரோ-கான்.
ஏழு ராத்திரியும் போச்சு.
ஃபைலில் 'மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதும்போது இருக்கும்
அதே முகம்.

மூன்றாவதில் முன்னேறினேன்; அவர் மந்திரி வெளியே வந்தது.
நாலாவதில் ஓரத்துச் சிப்பாயை ஓடவிட்டு
அந்த மந்திரிக்கு வலை விரித்தேன்.
பேனா மூடியைக் கடித்தபடி அவர் குனிந்தார்.
அப்போது
கரண்ட் போனது.

கடிகாரங்களை நிறுத்தச் சொன்னார் நடுவர்.
"இந்த ஈ.பி.காரனுங்க இருக்கானுங்களே" என்று
பிள்ளையை ஆட அழைத்து வந்த ஒரு அப்பா
ஆரம்பித்து, முழுசாக முடித்தார்.
நின்றுபோன ஃபேனைத் திலோத்தமை பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
எந்த ஃபீடர், சனிக்கிழமை டூட்டியில் யார்,
ஏணி எங்கே பூட்டிக் கிடக்கிறது
எல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும்.
போன்கள் நடுவர் மேசையில் அணைந்து கிடந்தன.
பதினெட்டு நிமிடம் வியர்த்தோம்,
நுகர்வோராக.

கரண்ட் வந்ததும் மண்டபமே கைதட்டியது,
இருபத்து மூன்றாம் பலகை தவிர.
கடிகாரம் ஓடத் தொடங்கிய நொடியில்
தன் ஓரச் சிப்பாயை என் சிப்பாயோடு முட்டவிட்டார்.
வலை அறுந்தது.
நின்ற நேரமெல்லாம் யோசித்திருக்கிறார்!
சம்பளம் தரும் வாரியமே
எனக்கு எதிராக ஒரு காய் நகர்த்தியிருக்கிறது.

அப்புறம் சொல்ல அதிகமில்லை.
முன்னேறிப் போன சிப்பாய் தனியாக நின்றது,
நாற்பத்தொன்றில் விழுந்தது.
தாளில் நான் கையெழுத்திட்டு நீட்ட
பழக்கதோஷத்தில் அவர்
'அனுமதிக்க' வரை எழுதிவிட்டு
அடித்துவிட்டு, முடிவை எழுதி, கையெழுத்திட்டார்.
அடியில் அதே கோடு. கோட்டுக்குக் கீழே அதே இரண்டு புள்ளி.

வெளியே வண்டிக்கடையில்
தட்டுவடை செட், காரம் தூக்கலாக ஒன்று, என்றேன்.
முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரலும்
அதையே கேட்டது.
நான் திரும்பவில்லை.
காய்ச்சலுக்குக் காரம் ஆகாது.