மைனஸ் பதினான்கு

திரையில் நான்கு சதம்.
"பொய்" என்றார் அர்த்தனாரி.
நீலக் கண்ணாடியைக் கண்ணுக்குப் பிடித்து
சூளைவாய்க்குள் பார்த்தபடியே சொன்னார்:
"நெருப்போட நுனி சோம்பிக் கெடக்கு.
ரெண்டுகூட இருக்காது ஆக்சிஜன்.
உங்க மிசினு காத்தக் கொறைங்குது.
நான் கொறைக்க மாட்டேன்."

இரவு ஒன்றரை.
நாற்பத்திரண்டு படி ஏறினேன்.
கருப்பூர்ப் பக்கம் சரக்கு ரயில் ஒன்று
நிற்பதா போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
ஏற்காட்டுப் பாதை விளக்குகள்
பாதி மலையில் மேகத்துக்குள் போயிருந்தன.

ஹீட்டர் சரி, எழுநூறு டிகிரி.
தெர்மோகப்பிள் சரி.
வயரைப் பிடித்து ஆட்டினேன், எண் ஆடவில்லை.
ஃபிளாஞ்சைச் சுற்றி ஊதுபத்தி காட்டினேன்
(கண்ட்ரோல் ரூம் சாமிக்கு வைத்தது, திருப்பி வைத்துவிட்டேன்).
புகை எங்கும் உள்ளே இழுபடவில்லை.

போனில் ஷிஃப்ட் இன்ஜினியர்:
"செல்ல மாத்திருங்க கோகிலவாணி. போன வருசமும் அதான?"
விரல்நுனி அளவு வெள்ளைப் பீங்கான்.
விலை, என் ஐந்து மாதச் சம்பளம்.
மாற்றிவிட்டால் எல்லாரும் தூங்கலாம்.

அந்தப் பீங்கானுக்கு ஆக்சிஜன் தெரியாது,
தெரிந்ததெல்லாம் வித்தியாசம்.
ஒரு பக்கம் சூளையின் புகை,
மறுபக்கம் நாம் விடும் ஊர்க்காற்று.
இடையில் எவ்வளவு ஏற்றத்தாழ்வோ
அத்தனை மில்லிவோல்ட் முனகும்.
இரண்டும் ஒன்றென்றால் பூஜ்யம்.
வயர் அறுந்தாலும் பூஜ்யம்தான்:
செத்த செல் திரையில் காட்டுவது
சுத்தமான காற்று, இருபது புள்ளி ஒன்பது.
படித்த நாளில் இதற்குச் சிரித்தேன்.

புரோபை உருவி கிராட்டிங் மேல் கிடத்தினேன்.
ஒன்றரை மீட்டர் இரும்பு, வெள்ளைக்கல் பொடி பூசி
டிக் டிக்கென்று ஆறியது.
வெளிக்காற்றில் பூஜ்யம் வர வேண்டும்.
மைனஸ் பதினான்கு.
திரையில் நாற்பது சதம்,
ஏற்காட்டு உச்சியிலும் வீசாத காற்று.

அப்போதுதான் உறைத்தது.
கெட்டிருப்பது புகைப்பக்கம் அல்ல.
ஊர்க்காற்றுப் பக்கம்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
சுண்டுவிரல் நுழையாத மூச்சுக்குழாய்க்குள் பார்த்தேன்.
செம்மண். வரிவரியாக,
அளவெடுத்துப் பூசியதுபோல
ஒரு குளவிக்கூடு.
கதகதப்பு, மழைபடாத மூலை,
நானாக இருந்தாலும் அங்கேதான் கட்டியிருப்பேன்.

மூன்று திங்கட்கிழமை
சிலிண்டர் வாயுவைக் காட்டி, எண்ணைத் தட்டித் தட்டி
சரியென்று கையெழுத்துப் போட்டவள் நான்.
அவள் ஒரு சுவர் வைக்க
நான் ஒரு திருத்தம் வைக்க
இரண்டு பேரும் சேர்ந்து கட்டியதுதான் இது.

ஊசியால் குத்தினேன். மண் உதிர்ந்தது,
கூடவே குஞ்சுக்கென்று
கொட்டி முடக்கிவைத்த பச்சைப்புழு ஒன்று.
இன்னும் அசைந்தது.

திருத்தங்களை அழித்தேன். பூஜ்யம் வந்தது.
புரோபைத் திரும்ப இறக்கினேன்.
இரண்டு. அப்புறம் ஒன்று புள்ளி எட்டு.
வாக்கி டாக்கியில் சொல்ல வாயெடுத்தேன்.
அர்த்தனாரி அதற்குள் காற்றைக் கூட்டிவிட்டார்.

லாக் புத்தகத்தில் 'காரணம்' கட்டத்துக்கு
ஏழு குறியீடுகள் உண்டு.
எட்டாவதாகக் 'குளவி' என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் என் இனிஷியல்.

ஆறு மணிக்கு இறங்கும்போது
ஈரமண் உருண்டையோடு அவள்
குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
வலை மாட்ட மறந்திருந்தேன்.
நாற்பத்திரண்டு படி, மறுபடியும்.