வரி 340

இதழின் உறையில் என் பெயர்
'திரு. கே. நாயக்கர், சாட்ஸ்வர்த்' என்றே வருகிறது.
திரு அல்ல என்று இரண்டு முறை எழுதிப் போட்டேன்.
போகட்டும்.
பெயருக்குக் கீழே பொடியாய் ஓர் எண்,
இன்னும் எத்தனை இதழ் பாக்கி என்று.
இந்த மாதம் ஏழு.

சந்தா இருபத்தாறு ராண்ட்.
காலர் தைக்கிறவளுக்கு
ஏறக்குறைய அரை வாரக் கூலி.
"ஒரு மூட்டை அரிசி வந்திருக்கும்" என்றான் கொழுந்தன்.
வந்திருக்கும்தான்.

கம்ப்யூட்டர் முதலில் சத்தியசீலனுடையது.
கிரே தெருக் கடையில் ஒரே ஓர் இதழ் வாங்கி
நிலவில் கப்பல் இறக்கும் ஆட்டத்தை
நான்கு பக்கமும், ஒரு கமா விடாமல்,
விடிய விடியத் தட்டியிருக்கிறார்.
கப்பல் இறங்கவில்லை.
மேலே போனது. இன்னும் மேலே.
டிவியின் விளிம்பைத் தாண்டிப் போயே போய்விட்டது.
"மெஷின் கோளாறு" என்று
ரப்பர் விசை, ஒயர், அந்த இதழ் எல்லாவற்றையும்
நாற்பது ராண்டுக்கு என் தலையில் கட்டினார்.

தனபாலன் வாசிக்க நான் தட்டினேன்.
கோலனை அவர் 'ரெண்டு புள்ளி' என்பார்,
கொட்டாவி வந்தால் ஒரு புள்ளி.
எங்கள் கப்பலும் மேலேதான் போனது.
ஒன்பதாம் ராத்திரி,
காலரை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்தால்
கண்ணில் எப்படி உறுத்துமோ
அப்படி உறுத்தியது வரி 340.
உயரத்தோடு வேகத்தைக் கூட்டுகிறார்கள்.
இறங்குகிற கப்பலுக்குக் கூட்டுவார்களா?
கழித்தேன்.
அடைக்கு உட்காரும் கோழி மாதிரி
மெல்ல வந்து அமர்ந்தது.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.
ஆறாம் வகுப்போடு நின்றவள் நான்.
அச்சில் இருப்பதா தப்பு?
கடைசிப் பக்கத்துச் சந்தாத் தாளை வெட்டி
'அடுத்த இதழிலிருந்து' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

பதினோரு வாரம் கப்பலில் கிடந்து
ஒரு மூலை நனைந்து வந்தது இதழ்.
பக்கம் 62, அடியில், எறும்பெழுத்தில்:
'சென்ற இதழ், வரி 340. கூட்டலைக் கழித்தலாகப் படிக்கவும்.
வருந்துகிறோம்.'

வாசல் விளக்கடியில் நின்று மூன்று தரம் படித்தேன்.
அது எண்பத்தாறு, ஜூன் மாதம்.
எங்கள் செய்தித்தாளில் வெள்ளை வெள்ளையாய் இடம் விட்டிருந்தார்கள்.
அங்கே என்ன இருந்தது என்று கேட்கக் கூடாது.
காட்டோ மேனரில் எங்கள் வீட்டை எடுத்துக்கொண்ட கடிதத்துக்கு
அடுத்த மாதம் திருத்தம் எதுவும் வரவில்லை.
இருபத்து மூன்று வருஷமாய் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் சத்தியசீலன் இன்னமும் கேட்பார்:
"என்னம்மா, அந்த ஓட்டை மெஷின் எப்படி?"
பக்கம் 62 என் பையில்தான் இருக்கிறது, நாலாய் மடித்து.
காட்டியதில்லை.
மெஷினைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?

வரி 510-இலும் ஒன்று இடிக்கிறது.
எழுதிப் போட்டிருக்கிறேன்.
போடுவார்களா, பார்க்க வேண்டும்.
போட்டாலும்
'சுட்டிக்காட்டியவர்: திரு. கே. நாயக்கர்' என்றுதான் போடுவார்கள்.