பொருள் எண் ஏழு

பிப்ரவரி. வாசல்படியில் உப்புத் தூவியிருக்கிறார்கள்.
காலணிகளில் ஒட்டி உள்ளே வந்த பனி
நாற்காலிகளுக்கு அடியில் தண்ணீராகிறது.
அதற்கு மட்டும் யாரும் இன்னும் மீட்டர் வைக்கவில்லை.

ஆர்டன் ஃபெரி நகர மன்றத்தின் எழுத்தர் நான்.
யார் பேசினார், ஆதரவா எதிர்ப்பா,
எத்தனை மணிக்குக் கலைந்தது.
பெருமூச்சுக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

பொருள் எண் ஏழு:
குடிநீரை நாற்பது ஆண்டுகளுக்கு
ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது.
ஒப்பந்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பதினொரு பிரதி எடுத்தவள் நான்தான்.
மூன்றாவதிலேயே இயந்திரம் சூடேறி நின்றுவிட்டது.

நிறுவனத்திலிருந்து வந்த பிரெஸ்டன் ஹால்டேன்
சுவரில் ஒரு நீலக்கோட்டை ஏற்றிக் காட்டினார்.
அது சேமிப்பாம்.
கோடு உச்சிக்குப் போய் நின்ற இடத்தில்
மன்றக் கூரையின் பழைய ஒழுகல் கறை.
கறை எது வளர்ச்சி எது என்று
பின்வரிசைக்குத் தெரிந்திருக்காது.

பிறகு பொதுமக்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.

பெர்னடெட் கோசார், சலவைக்கடை:
"என்னிடம் பன்னிரண்டு இயந்திரம்.
நீங்கள் கட்டணம் ஏற்றினால் நானும் ஏற்றணும்.
நான் ஏற்றினால் சனங்கள் வீட்டுக் குளியல்தொட்டியில் துவைப்பார்கள்.
அந்தத் தண்ணீருக்கும் பில் நீங்கள்தான் போடுவீர்கள்.
எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு நட்டமில்லை."
சிரித்தார்கள். சிரிப்பைப் பதிவதில்லை.

ஓடாலிஸ் கின்டேரோ, இரவுப்பணிச் செவிலி:
"போன கோடையில் எங்கள் தெருக் குழாய் ஒன்பது முறை உடைந்தது.
ஆஸ்பத்திரியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.
நகரத்திடம் காசு இருக்கிறதா? இல்லை.
வேறு யாரிடமாவது இருந்தால் வரட்டுமே."
யாரும் சிரிக்கவில்லை.
எதிர்ப்பு அட்டை பிடித்திருந்த ஒருவர்
அதை மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தார்.

கடைசியில் வெர்ன் ஸ்டான்சிக்.
முப்பத்தொரு வருடம் தண்ணீர்த் துறையில்.
தொப்பியைக் கழற்றவா வேண்டாமா என்று
ஒலிவாங்கியைக் கேட்பதுபோல நின்றார்.
"ஆதரவு, எதிர்ப்பு, அதெல்லாம் எனக்கு வராது.
ஒன்று சொல்லணும்.
ஹிக்கரி தெரு, மூன்றாவது மூடி.
ஊரிலுள்ள வால்வெல்லாம் வலப்பக்கம் திருகினால் மூடும்.
அது மட்டும் இடப்பக்கம்.
எவன் வைத்தானோ, என்ன அவசரமோ.
தெரியாதவன் திருகினால்,
மூடுகிறோம் என்று நினைத்துத் திறந்துகொண்டே இருப்பான்.
ஒருமுறை நாற்பது வீட்டு நிலவறை நிரம்பியது.
அப்போது நான் புதுசு. திருகியவன் நான்தான்."

தலைவர் டில்லட்சன் கேட்டார்:
"இது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம்?"
ஹால்டேன் புரட்டினார்.
நல்ல தாள்; புரளும்போது தண்ணீர் மாதிரியே சத்தம்.

"எதிலும் இல்லை மேடம். எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.
ஜூனோடு ஓய்வு."
போய் உட்கார்ந்துவிட்டார்.

பச்சை எரிந்துகொண்டே இருந்தது.
அவர் விட்டுச்சென்ற ஒன்றரை நிமிடத்தை
என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை.
மஞ்சள் வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.
பிறகு சிவப்பு வரும்வரை.

நான்குக்கு மூன்று: மார்ச் பதினெட்டுக்கு ஒத்திவைப்பு.
வென்றதாக இரு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டன.

எல்லோரும் போனபின் தட்டச்சு செய்தேன்.
ஸ்டான்சிக், வெர்ன். நிலைப்பாடு: நடுநிலை.
அழித்தேன்.
குறிப்பில் விவரங்கள் சேர்க்கக் கூடாதென்று சுற்றறிக்கை உண்டு.
எழுதியது நான்தான், நல்ல எழுத்துருவில்.

ஹிக்கரி தெரு. மூன்றாவது மூடி. மூடுவதற்கு: இடப்பக்கம்.

விளக்கணைத்துப் போகும் வழியில்
பெண்கள் கழிவறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
வலப்பக்கம் திருகினேன். நின்றது.
ஆனாலும், கோட்டைப் போட்டுக்கொண்டு,
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.