இருபத்து நான்காவது கட்டம்

பிப்ரவரி. ஃபுகுவோகா. ஆறாவது மாடி.
வெள்ளைப் பலகையில் இருபத்து நான்கு கட்டம்,
இருபத்து மூன்றில் முகம் ஒட்டியாயிற்று.
மிச்சமிருப்பதில்
மூன்று முறை ஒட்டிப் பிய்த்த பசைத்தடம் மட்டும்.

நான்கு கம்பெனிகளின் பிள்ளைகள்
ஒரே கூடத்தில் அடித்துக்கொள்ள வேண்டும்.
எரிமலை இளவரசன் முதல் நாளே வந்துவிட்டான்,
அவனில்லாமல் பெட்டியை யார் வாங்குவார்கள்.
ஆமையோட்டைக் கவசமாய்க் கட்டிய சமையற்காரன்,
தபால்பெட்டித் தலையோடு ஒரு சாமியார்,
வாள் தூக்கும் பெண்கள் மட்டும் ஏழு பேர்.
எட்டாவது வாள் வந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று
மினேகிஷி போன வாரமே பென்சிலை முறித்துப்போட்டார்.

கனத்த ஆள் ஒருவன் குறைகிறான் என்கிறார் கோமாகி.
அவருக்கு எல்லோரும் எடைதான்.
மூன்றாம் கம்பெனிக்கு ஐந்து பேர்தானே, முகம் சுளிப்பார்கள்,
இது ஒப்பந்தம் பார்க்கும் ததேனுமா.
கல்யாணப் பந்தியேதான்.
யார் பக்கத்தில் யார் இலை,
யாருக்குப் பரிமாறினால் யார் எழுந்து போவார்.

டிக்கெட்காரி, என்றேன் நான்.

வெப்பக்காற்று இயந்திரம் இரைவது கேட்டது.

தொண்ணூற்று மூன்றில் வந்து
எட்டாயிரம் பிரதி விற்று மூழ்கிப்போன விளையாட்டு.
இரவுப் படகுத்துறை, மழை, தொப்பி போட்ட ஒரு பெண்.
எத்தனை முறை செத்துத் திரும்பி வந்தாலும்
கையை நீட்டி டிக்கெட் கேட்பாள்.
கிழிப்பாள்.
பாதியைத் திருப்பித் தருவாள்.
நடக்க நான்கு படம், கிழிக்க மூன்று,
அவ்வளவுதான் அவள்.

யாரை அடிப்பாள், என்றார் மினேகிஷி.
யாரையும் இல்லை.
வருகிற அடியைக் கிழிப்பாள்.
பாதியைத் திருப்பித் தருவாள்.

கோமாகி பேனாவை மூடினார்,
திறந்தார்,
பாதி என்றால் எத்தனை புள்ளி, என்றார்.
அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று மாலை தானியங்கியில் சோள சூப் டப்பா வாங்கி
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே
சிரித்தபடி என் மேஜைக்கு வந்தேன்.
மினேகிஷியின் சீட்டு காத்திருந்தது:
"உருஷிபாரா, முதலில் அடி வாங்குவதை வரை."

இங்கே வழக்கம் அதுதான்.
குத்து, உதை, ஒளிவட்டம் எல்லாம் பிறகு.
விழத் தெரியாதவருக்கு இந்தக் கூடத்தில் இடம் கிடையாது.
தாடையில் பட்டால் ஒன்று, வயிற்றில் பட்டால் ஒன்று,
நெருப்பு, மின்சாரம், உறைபனி,
தலைகீழாய்ப் பறக்க, தரையில் தேய,
எழ முடியாமல் கிடக்க.
மொத்தம் நாற்பத்தொரு வலி.

பதினொரு இரவு.
கழிவறைக் கண்ணாடி முன் நின்று
என் வயிற்றில் நானே குத்தி
தோள் எப்படி மடிகிறது என்று பார்த்தேன்.
முப்பது வருஷமாய் ஒருவரும் தொடாதவள் அவள்.
துறையில் புயல் வந்தபோதுகூட
தொப்பி அசைந்ததில்லை
(அசைக்க நினைவகம் போதவில்லை).
அவளை நான்தான் சிபாரிசு செய்து
வாசல் வரை கைபிடித்துக் கூட்டி வந்து
இளவரசனின் முழங்காலுக்குக் கொடுத்தேன்.

இன்னொன்று.
அந்தப் பழைய விளையாட்டில் அவளுக்கு வாயே கிடையாது.
அத்தனை சின்ன முகத்தில் இரண்டு கண்ணுக்குத்தான் இடம்.
வாயில்லாமல் வலி தெரியவில்லை.
ஆறாவது இரவில் ஒரு கோடு போட்டேன்,
ஒன்பதாவதில் பல் வைத்தேன்.

நேற்றுச் சோதனை ஓட்டம்.
கோமாகி அவளை எடுத்து ஏழு முறை தோற்றார்.
ஏழு முறையும் அவள் எழுந்து தொப்பியைச் சரிசெய்து
ஜெயித்தவனிடம் கை நீட்டினாள்.
அறையில் யாரோ விசிலடித்தார்கள்.
நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடி முடிந்ததும் அழித்துவிடுவதாகத்தான் திட்டம்,
மறந்துவிட்டேன் போல,
சும்மா நிற்கும்போதும் அது இருந்தது.

இன்று காலை குரல் பிரிவிலிருந்து கேட்கிறார்கள்:
வாய் இருக்கிறதே, என்ன பேசுவாள்?
வெள்ளிக்குள் ஐந்து வரி வேண்டுமாம்.

பசைத்தடத்தின் மேல் அவள் படம் ஒட்டியாயிற்று.
ஒரு மூலை நிற்க மாட்டேன் என்கிறது.
போகிற வருகிற போதெல்லாம்
கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போகிறேன்.