முதல் சுற்று

ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலையில்
அம்மாசி அள்ளிக் கொடுத்தார் ஒரு கிலோ மாவு.
"ஜவ்வரிசிக்குத் தேறாத பழுப்பு. காசு வேண்டாம்மா."

கருப்பூர் ஆய்வகம். ஆர்கான் ஓடும் குழாய் உலை.
ஆயிரம் டிகிரி வரை
நிமிஷத்துக்கு ஐந்து ஐந்தாய் ஏற்ற வேண்டும்.
உள்ளே காற்று கிடையாது.
எரியாமலே கருக வேண்டும்.

எண்ணூற்றுப் பத்தில் கரண்ட் போனது.
ஜன்னலில் ஏற்காட்டு மலைப்பாதை.
ஏதோ ஒரு லாரியின் வெளிச்சம்
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
மறைந்து மறைந்து ஏறியது. எண்ணினேன்.
பதினொன்றில் தவறவிட்டேன்.

மூன்றாம் முறை வெந்தது.
நூறு கிராம் மாவுக்குப் பதினெட்டு கிராம் கரி,
தட்டினால் கண்ணாடிச் சத்தம்.

காசளவு செல்லில் வைத்து மின்னேற்றினேன்.
உள்ளே போன லித்தியத்தில்
மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரவில்லை.
கரியின்மேல் தோலாகப் படிந்துவிட்டது.
ராத்திரி முழுக்க அந்த வளைகோட்டையே திட்டினேன்.
விடியும்போது இருபதாம் சுற்று.
போனதெல்லாம், ஏறக்குறைய, வந்துகொண்டிருந்தது
வராமல் போனதன் வழியே.

அம்மாசி போன் செய்தார்:
"மாவு என்னாச்சும்மா?"
"நல்லா கருகிடுச்சுண்ணா."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அடடா… வருத்தப்படாத.
வேற மூட்டை பிரிக்கிறேன், வா."