பயணத் திட்டம், பென்சில் திருத்தங்களோடு

சனி காலை 9.10: பேராலயம்.
தெற்குக் கோபுரம், முந்நூற்று நாற்பத்து மூன்று படி.
10.30: பழைய அரண்மனை, வெளியிலிருந்து மட்டும்,
உள்ளே போனால் காசு.
12.00: சந்தையில் நின்றபடியே சாப்பாடு.
12.40: ஓவியக்கூடம். மூன்று மணிநேரம் வேண்டுமாம்,
ஒன்றரை ஒதுக்கியிருக்கிறேன்.
ஓவியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

ரிமாவ்ஸ்கா சோபோட்டாவில்
எங்கள் சமையலறை மேஜைமேல்
வியன்னா விரிந்து கிடக்கிறது.
சுருண்டுகொள்ளாமலிருக்க
ஒரு மூலைக்கு உப்பு ஜாடி, மறு மூலைக்கு வெங்காயம்.
ஒரு தலைநகரத்தை
நாற்பது மணிநேரத்துக்குள் மடித்துப்
பையில் போட்டுக்கொள்ளும் ஆத்திரம் எனக்கு.

முதல் தடவை போகிறேன்.
அம்மாவும் வருகிறாள்.
"அவளுக்கென்ன, ஒன்பது வருடம் இருந்தவள்,
அவளே வழி காட்டுவாள்" என்றான் தம்பி கமில்,
ஒரு பேரிக்காயைக் கடித்தபடி.

இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
பின்னிரவு மூன்று மணிக்கு வாசலில் வந்து நிற்கும் வேன்
எட்டுப் பெண்களை அள்ளிக்கொண்டு போய்
எட்டுக் கட்டில்களின் ஓரத்தில் இறக்கிவிடும்.
அம்மாவின் கட்டிலில்
திருமதி ஆடெல்ஹைட்.
எண்பத்தெட்டு வயது, இடது கை விளங்காது,
மாத்திரையை நாக்கடியில் ஒளித்துவைப்பாள்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள் அம்மா.
"நான் இருந்த தெரு எங்கே இதில்?"
தேடினேன். வரைபடம் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது.
அவள் கத்தியை வைத்துவிட்டு
வெங்காயத்தைத் தாண்டி
மேஜைவிரிப்பில் ஒரு நீலப் பூவைத் தொட்டாள்.
"இங்கே."

பிறகு அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.
டிராமில் எந்தக் கதவருகே சக்கரநாற்காலி நிற்கும்,
எந்த மருந்துக்கடைக்காரன் கடன் சொல்ல விடுவான்,
மாலை ஆறுக்குமேல் ரொட்டி பாதி விலை,
லிஃப்ட் மாட்டிக்கொண்டால் மூன்றை இருமுறை அழுத்து.
ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை.
என் பட்டியலில் இருந்த ஒன்றையும்
அவள் பார்த்ததில்லை.

"ஷோன்புருன்கூடவா?"
ஊருக்கு வெளியே இருக்கும் அந்த அரண்மனைக்கு மட்டும்
வரைபடத்தின் மூலையில் தனிக் கட்டம் போட்டிருந்தார்கள்.

"வாசல்வரை போயிருக்கிறோம்.
அவள் பிறந்தநாள். தொப்பி வைத்துக்கொண்டாள்.
உள்ளே தோட்டம் முழுக்கச் சரளைக்கல்.
சக்கரம் பத்தடி போனது, புதைந்துவிட்டது.
பின்னால் இழுத்தேன், வரவில்லை.
ஒரு ஜப்பான் பையன் வந்து தூக்கிவிட்டான்.
திரும்பி வந்துவிட்டோம்.
அன்றைக்கு மட்டும்
மாத்திரையைப் பேசாமல் விழுங்கினாள்."

ஞாயிறு 2.00 முதல் 2.45 வரை: ஷோன்புருன்,
என்று நான் எழுதியிருந்தேன்.
அம்மா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்து
கமிலின் காதில் சொருகியிருந்த பென்சிலை உருவினாள்.
2.45ஐ அடித்தாள்.
'இருட்டும்வரை' என்று எழுதினாள்.
அடுத்து ராட்டினத்தை அடித்தாள்.
கோபுரத்தில் இருநூறு படியைக் கழித்தாள்,
கோபுரம் அதற்குச் சம்மதிக்குமா என்று கேட்கவில்லை.
ஓவியக்கூடத்துக்குப் பக்கத்தில்
சற்று யோசித்து, சின்ன எழுத்தில்,
'பெஞ்சு இருக்குமா?'

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.
மூன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு.
ஆனாலும் கேட்டேன்:
அந்த வீட்டையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாமா,
நேரம் ஒதுக்கட்டுமா என்று.

"அங்கே வேண்டாம்.
அது வேலை."
மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

நீலப் பூவின்மேல் தோல் சுருள் சுருளாக விழுந்தது.
நான் நேரங்களை மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

"பஸ் எத்தனை மணிக்கு?"
"ஆறு இருபது."
"விடிந்த பிறகா?"
"மே மாதம் அம்மா, நன்றாக விடிந்திருக்கும்."

கை நின்றது.
"அப்படியென்றால்
வழியெல்லாம் தெரியுமே" என்றாள்.
"ஜன்னலோரம் எனக்கு. எழுது."