எத்தனை கிலோ மீனுக்கு

சிங்காரத்தோப்பு ரேஷன் கடையில்
ஒன்றரை மணியிலிருந்து இரண்டரைவரை
ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.
உள்ளே நான், நூற்றுப்பத்து மூட்டை புழுங்கலரிசி,
யுகுலேலே.

நாற்பத்தாறு வயதில் இது எதற்கு என்று
நீங்கள் கேட்குமுன் என் நாத்தனார் கேட்டாகிவிட்டது.
கிடார் போட்ட குட்டியா என்று கேட்டார்
எடையாளர் தெய்வீகன்.
பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்தால்
உயரம் சரியாக இருக்கும்.
அரிசி சத்தத்தைத் தின்றுவிடும்,
எத்தனை தப்பாய் அடித்தாலும்
வெளியே ஒரு கிராம் கசியாது.

நாளெல்லாம் கார்டு பார்க்கிற வேலை எனக்கு.
அரிசி கார்டு, சர்க்கரை கார்டு, பொருளில்லா கார்டு.
இங்கேயும் கார்டுதான்.
சி கார்டுக்கு ஒரு விரல் போதும், வந்தோமா போனோமா.
எஃப்புக்கு இரண்டு.
ஜிக்கு மூன்று விரலும் முக்கோணமாய் நிற்கவேண்டும்.
பி ஃப்ளாட்டுக்குச் சுட்டுவிரல் குறுக்கே படுக்கவேண்டும்,
என்னுடையது படுப்பதில்லை.
மூவர் சீட்டில் நான்காம் ஆளாய்
ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

சுருதி சேர்க்கும்போது மட்டும் பழைய பழக்கம் கைகொடுக்கும்.
கைபேசியில் முள் ஆடி ஆடிப் பச்சைக்கு வரும்.
தராசு பூஜ்யத்துக்கு வரட்டும் என்று நின்றே
பத்தொன்பது வருஷத்தைக் கழித்தவள்,
காத்திருக்கத் தெரியும்.
மாறத்தான் தெரியவில்லை.
எஃப்பிலிருந்து ஜிக்கு விரல்கள் போய்ச் சேருமுன்
தாளம் கெடிலம் பாலத்தைத் தாண்டிவிடுகிறது.

நவம்பர் மூன்றாம் தேதி காலை
கடை திறந்து, கருவியில் விரல் வைத்தேன்.
விரல் ரேகை பொருந்தவில்லை.
மீண்டும் முயற்சிக்கவும்.
ஊதினேன், புடவையில் தேய்த்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
இடது சுட்டுவிரல் நுனியில் தோல் காய்த்து
குறுக்கே ஒரு வாய்க்கால்,
நரம்பு ஓடிய தடம்.

வரிசையில் முதல் ஆள் பவுனம்மா.
முப்பது வருஷம் மீன் அரிந்து
பத்து விரலிலும் ஒரு கோடு மிச்சமில்லை அவளுக்கு.
மாதாமாதம் நான்தான் சொல்வேன்,
"நல்லா துடைச்சிட்டு வைங்கக்கா",
ஏதோ அழுக்குதான் காரணம் என்பதுபோல.
அன்று அவள் என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.
"நீ என்னத்த அரிஞ்ச?"

உப்பு, ஐஸ், செதில், வலைக்கயிறு,
அந்த வரிசையில் என் விரலை
எங்கே கொண்டுபோய் நிறுத்த?
விளையாட்டில் காய்த்தது என்று சொல்ல
வாய் வரவில்லை.
பின்னால் நாற்பது பேர், எதிரில் சிவப்பு விளக்கு.
மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டிவிட்டேன்.

சிரிப்பு வரிசையின் வால்வரை போய்த் திரும்பி வந்தது.
அதற்குள் வலது கட்டைவிரல் பொருந்திவிட்டது.
பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒன்று, அடுத்த ஆள் வாங்க.

போன வாரம் ஏ நரம்பு அறுந்தது.
பாண்டிச்சேரி போனால் கிடைக்கும்,
இருநூற்றைம்பது, பஸ் தனி.
கேள்விப்பட்டு வந்தாள் பவுனம்மா,
மகனுடைய தூண்டில் பெட்டியிலிருந்து
ஒரு சுருள் தங்கூஸோடு.
"எத்தனை கிலோ மீனுக்கு?"
எனக்கு எப்படித் தெரியும்.
ஒல்லியாக இருக்கணும், அறக்கூடாது என்றேன்.
"அப்போ சங்கராவுக்குப் போடறது"
என்று இரண்டு முழம் அளந்து
பல்லால் கடித்துக் கொடுத்தாள்.

கட்டிவிட்டேன்.
புது நரம்பு நீண்டுகொண்டே இருக்கிறது,
நிமிஷத்துக்கொரு தரம் சுருதி இறங்குகிறது.
எஃப்.
எஃப்.
ஜி வருவதற்குள்
ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள்,
ஈர ரப்பர் செருப்பு.
இன்னும் இரண்டரை ஆகவில்லை.
தட்டவும் இல்லை,
போகவும் இல்லை.